கட்டியாச்சா?

சுடுதண்ணி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் சலவை ஆலைக்காரர்கள். கொதிக்கிற இடத்தில் வேலை செய்கிறாள் என்பதற்காக அல்ல. அங்கே எல்லாரும்தான் கொதிக்கிற இடத்தில் நின்றார்கள். அவள் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவருக்குத் தோல் உரிந்துவிடும் என்பதற்காக வைத்தார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. புதிதாக வந்த பெண்ணிடம் மேஸ்திரி வாலாட்டினால், "இரு, சுடுதண்ணி அக்காகிட்ட சொல்றேன்" என்றால் போதும், ஆள் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவான். அப்படிப்பட்டவள் ஒரே ஒருத்தனிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். சொல்ல ஆரம்பிக்கும்போதே வயிறு எரிகிறது.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற ஆலை அது. அதன் நடுவில் ரோலர் நிற்கும். நீராவியால் சூடேறிய பெரிய இரும்பு உருளை. இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து விறைப்பாக இழுத்து உருளைக்குக் கொடுப்பார்கள். உருளை அதை வாங்கி, அந்தப் பக்கம் மொறமொறப்பாகத் தள்ளும். அங்கே வேறு இரண்டு பெண்கள் மடிப்பார்கள். சுடுதண்ணி கொடுக்கிற பக்கம். அவளுடைய நெருங்கிய சிநேகிதி மடிக்கிற பக்கம். மடிப்புக்காரி என்றே அவளைச் சொல்வார்கள். இருவரும் நாள் முழுக்க உருளையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, அந்த இரைச்சலிலும் வீட்டுக் கதை முழுவதையும் கத்திக் கத்தியே பேசி முடித்துவிடுவார்கள்.

உருளைக்கு முன்னால், விரல்கள் போய் வரும் இடத்தில், குறுக்காக ஒரு சிவப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் இயந்திரம் அப்படியே நின்றுவிடும். கையைக் காப்பாற்றத்தான் அந்தக் கம்பி. ஆனால் கம்பிக்குக் கை எது, ஈர விரிப்பின் தடித்த ஓரம் எது என்று எப்படித் தெரியும்? விரிப்பு கொஞ்சம் சுருண்டு பட்டாலும் இயந்திரம் நின்றுவிடும். நின்ற உருளையில் ஒட்டிக்கொண்ட விரிப்பு கருகிப்போகும். கருகினால் திட்டு, கொடுக்கிற பெண்களுக்கு. ஆகவே காலையில் யார் முதலில் வருகிறாளோ அவள் ஒரு பழைய விரிப்பிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடுவாள். அதன் பிறகு இயந்திரம் எதற்கும் நிற்காது.

இதை யாரும் ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. முதலாளி காலையில் ஒரு சுற்று வருவார். சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற அதே குரலில் "கட்டியாச்சா?" என்று கேட்பார். "ஆச்சுங்க" என்று பதில் வந்ததும் போய்விடுவார்.

அன்றைக்குக் காலையில் கட்டியவள் சுடுதண்ணி. மதியத்துக்குள் ஒரு விரிப்பின் முனை அவளுடைய மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. உருளை விரிப்பை இழுத்தது; விரிப்பு அவளை இழுத்தது. அடுத்து என்ன ஆயிற்று என்பதை விவரிக்க எனக்கு மனசில்லை. மடிப்புக்காரி ஓடிப்போய் மின்சாரத்தை அணைத்த பிறகுதான் அது நின்றது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மிஞ்சின. முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு பை நிறையப் பழம் கொடுத்தனுப்பினார். மறுநாள் வேறொரு பெண்ணை அந்த இடத்தில் நிறுத்தினார்.

அவளுடைய கணவன் பெயின்டர். சுவருக்குச் சுவர் ஏறி இறங்குகிற, அதிர்ந்து பேசாத மனுஷன். வீட்டில் அவள் பேசுவதே இருவருக்கும் போதுமானதாக இருந்தது. அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு சிநேகிதன் இருந்தான், படித்து வக்கீலாகிவிட்டான். வக்கீலான பின்னும் சிநேகிதத்தை மறக்கவில்லை என்று பெயின்டருக்கு அவன்மேல் அவ்வளவு பெருமை. அவன் புது ஆபீஸ் திறந்தபோது சுவர் முழுக்க இவன்தான் கூலி வாங்காமல் வெள்ளையடித்துக் கொடுத்தான். வக்கீல் சுடுதண்ணியை "அண்ணி" என்பான். அவள் "வக்கீல் தம்பி" என்பாள்.

வக்கீல் தம்பி வீட்டுக்கு வந்தான். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் கண் கலங்கினான். அது நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கினான். அதைத்தான் பின்னாளில் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அயோக்கியனாக இருந்திருந்தால் முதல் நாளே மோப்பம் பிடித்திருப்பாள்.

"அண்ணி, அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது. இந்தக் கேஸை நானே எடுத்துக்கிறேன். எனக்கு ஒண்ணும் கொடுக்க வேணாம். நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவள் சொன்னாள். கம்பியைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தபோது தயங்கினாள்.

"எங்கிட்ட என்ன தயக்கம்? எங்கிட்ட சொல்றது இந்தச் சுவத்துக்குச் சொல்ற மாதிரி. வெளிய போகாது."

"அன்னிக்குக் கம்பியைக் கட்டினது நான்தான் தம்பி. தினமும் யாராவது கட்டுவோம். அன்னிக்கு நான்."

வக்கீல் தம்பி டீயைக் குடித்து முடித்தான். "அதை விடுங்க. அது உங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும். உங்க கேஸ் கல்லு மாதிரி இருக்கு. நீங்க நிம்மதியா தூங்குங்க."

அவள் நிம்மதியாகத் தூங்கினாள். தூங்கியதுதான் தப்பு.

கை ஆறியது. இடது கையால் பொத்தான் போடவும், தலை பின்னிக்கொள்ளவும், பூட்டில் சாவியைத் திருப்பவும் பழகிக்கொண்டாள். ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டேதான் பழகினாள். நடுநடுவே வக்கீல் தம்பிக்கு போன் போட்டுக் கேட்பாள்.

"பேசிட்டிருக்கேன் அண்ணி. கோர்ட்டுக்குப் போனா வருஷக் கணக்கா இழுப்பாங்க. முதலாளி நல்ல மனுஷன்தான். உக்காந்து பேசி முடிச்சிடலாம்னு சொல்றார்."

முதலாளி நல்ல மனுஷன்தான். வக்கீலைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, "அடுத்த மாசம் பார்ப்போம்" என்பார். அடுத்த மாதம் ஊரில் இருக்கமாட்டார். அதற்கடுத்த மாதம் கணக்குப் பார்ப்பவர் லீவில் இருப்பார். இப்படியான வழக்கைப் போடச் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது, அதைத் தாண்டினால் யாரும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள் என்பது முதலாளிக்குத் தெரியும். வக்கீலுக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. தெரிந்தவர்களில் ஒருவர் நாட்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொருவன் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போகப் போக வக்கீல் தம்பி போன் எடுப்பது குறைந்தது. ஒருநாள் அவனே கூப்பிட்டான். "அண்ணி, கேஸைப் போட்டாச்சு. ஆனா ஜட்ஜ் என்ன மூட்ல இருந்தாரோ, தள்ளுபடி பண்ணிட்டார். நம்ம நேரம் சரியில்ல. என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணினேன்."

"என்னைக் கூப்பிடாமயே எப்படித் தம்பி தள்ளுபடி பண்ணுவாங்க? என் கையைக் கூட யாரும் பாக்கலையே?"

"சில கேஸ் அப்படித்தான் அண்ணி."

பெயின்டர், "விடு, அவனும் எவ்வளவோ அலைஞ்சான்" என்றான். அவளால் விட முடியவில்லை. மறுநாள் தனியாகக் கோர்ட்டுக்குப் போனாள். இந்த ஜன்னலுக்குப் போ, அந்த ஜன்னலுக்குப் போ என்று அலைக்கழித்துவிட்டு, கடைசியில் ஒரு குமாஸ்தா தாள்களைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்: "இது கெடு முடிஞ்சு போட்ட கேஸ்மா. இதை உள்ளயே விடல. விசாரணைன்னு ஒண்ணும் நடக்கல."

"நான் தோத்துட்டேனா, தோக்கலையா?"

"தோக்கறதுக்குக் கூட உங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கலைம்மா" என்றார் குமாஸ்தா, பாவப்பட்டு.

அன்றைக்கு அவள் வக்கீல் தம்பியின் ஆபீஸுக்குப் போய்ப் போட்ட சத்தம் கீழ்க்கடை வரை கேட்டது என்பார்கள். அவன் மழுப்பினான். கொஞ்சம் லேட்டாகிவிட்டது என்றான். பேச்சுவார்த்தையை நம்பிவிட்டேன் என்றான். அண்ணி, தண்ணி குடிங்க என்றான். அவள் அந்தத் தண்ணியை அவன் மேஜையிலேயே கவிழ்த்துவிட்டு வந்தாள்.

வேறொரு வக்கீலைத் தேடினாள். வக்கீல்மேல் வழக்குப் போட எந்த வக்கீல் வருவார்? மூன்று பேர், அவர் எங்களுக்கு வேண்டப்பட்டவர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலாவதாகக் கிடைத்தது ஒரு வக்கீலம்மா. சிரிக்கமாட்டார், ஆறுதல் சொல்லமாட்டார், எதிரே இருப்பவர் அழுதால் ஜன்னல் பக்கம் பார்ப்பார். சுடுதண்ணிக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

"அவன் என்ன தப்புப் பண்ணினான்? சொல்லுங்க" என்றார் வக்கீலம்மா.

சுடுதண்ணி மூச்சு விடாமல் கொட்டினாள். போன் எடுக்கவில்லை, நேரில் போனால் காக்கவைத்தான், ஒருநாள் கூட ஆலையை எட்டிப் பார்க்கவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னான், வழக்கைத் தோற்கடித்தான்.

"போன் எடுக்காதது மரியாதை கெட்டதனம். கோபப்படலாம், வழக்குப் போட முடியாது. காக்கவச்சதும் அப்படித்தான். தோக்கறது குத்தமே இல்ல, ரெண்டு வக்கீல் வாதாடினா ஒருத்தர் தோத்துத்தான் ஆகணும். நல்லா யோசிச்சு ஒரு வழியில போய் அது சரிப்படலைன்னா அதையும் குத்தம்னு சொல்லமாட்டாங்க."

"அப்போ அவன்மேல தப்பே இல்லைங்கிறீங்களா?" சுடுதண்ணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"உக்காருங்க. கெடுவை விட்டான் பாருங்க, அது தப்பு. நேத்து சேர்ந்த வக்கீல் கூட முதல்ல குறிச்சு வைக்கிறது அதைத்தான். சாதாரண வக்கீலுக்கு இருக்கவேண்டிய கவனம் கூட இல்லாததைத்தான் கோர்ட் தப்புன்னு ஏத்துக்கும். அவன் காசு வாங்காம செஞ்சான்னு சொல்லித் தப்பிக்க முடியாது. சும்மா செஞ்சாலும் வக்கீல் வக்கீல்தான்."

"போதும். அதை வச்சுப் போடுங்க."

"போதாது. அந்தத் தப்பால நீங்க எதை இழந்தீங்கன்னு காட்டணும். ஒழுங்கா நேரத்துக்குப் போட்டிருந்தா முதலாளிகிட்ட ஜெயிச்சிருப்பீங்கன்னு நிரூபிக்கணும். எப்படியும் தோக்கற கேஸா இருந்தா, அவன் கெடுவை விட்டதால உங்களுக்கு என்ன நஷ்டம்னு கேப்பாங்க. ஆக, நடக்காம போன அந்த விசாரணையை இப்ப இந்தக் கேஸுக்குள்ள நடத்தியாகணும்."

சுடுதண்ணி அதை மெதுவாக மனசுக்குள் வாங்கினாள். "அப்போ என் கையைப் பத்திப் பேசுவாங்களா? யார் மேல தப்புன்னு சொல்லுவாங்களா?"

"சொல்லித்தான் ஆகணும்."

இவ்வளவு நாளாக அவள் கேட்டதே இதுதான். பணம் வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு அவள் வசதியானவள் அல்ல. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், யாராவது ஒருத்தர் உட்கார்ந்து கேட்டு, உன் கை போனது இன்னாரால்தான் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதில்லாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"முதலாளி இடத்துல நின்னு யார் எனக்கு எதிரா வாதாடுவாங்க?"

"உங்க பழைய வக்கீல். உங்க கேஸ் ஒண்ணுமில்லாத கேஸ்னு அவன்தான் நிரூபிக்கணும். அப்பத்தான் அவன் தப்பிக்க முடியும்." வக்கீலம்மா பேனாவை மூடினார். "இன்னொண்ணு. அவன்கிட்ட ரகசியமா ஏதாவது சொல்லியிருக்கீங்களா? சாதாரணமா அதை அவன் வெளிய சொல்லக்கூடாது. ஆனா நீங்களே அவன்மேல கேஸ் போட்டா, தன்னைக் காப்பாத்திக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு சொல்லலாம்."

சுடுதண்ணி கம்பி கட்டிய கதையைச் சொன்னாள். முதலாளியின் "கட்டியாச்சா?"வையும் சொன்னாள். முதலாளி கேட்டதை வேறு யாராவது வந்து சொல்லவேண்டும் என்றார் வக்கீலம்மா. அன்று மாலையே அவள் மடிப்புக்காரியின் வீட்டுக்குப் போனாள். மடிப்புக்காரி அவளுடைய இரண்டு விரல் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் வரமாட்டேன் என்றாள். "என் புருஷனும் அங்கதான் லோடு ஏத்துறாரு. ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். மன்னிச்சுக்கோ." சுடுதண்ணி மன்னிக்கவில்லை. கையை உருவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டிலோ பெயின்டர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். "அவன் என் சிநேகிதன். கோர்ட்ல நிறுத்தினா நாளைக்கு அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"என் கை முகத்துல முழிக்கிறியே, அது உனக்குக் கஷ்டமா இல்லையா?"

"நீ சொன்னதை அவன் சொல்லமாட்டான். அந்த அளவுக்கு இறங்கமாட்டான்."

அதை அவளும் நம்பினாள். அதுதான் வேடிக்கை. ஊரையே வறுத்தெடுக்கிறவள், அண்ணி என்று கூப்பிட்ட வாய் அதைச் சொல்லாது என்று நம்பினாள்.

விசாரணை நாள் வந்தது. வக்கீல் தம்பி தனக்காகத் தானே பேசினான். கறுப்புக் கோட்டு, படிய வாரிய தலை. அவள் சாட்சிக் கூண்டில் நின்றாள். வக்கீலம்மா கேட்டபோது நடந்ததைச் சொன்னாள், கம்பி தினமும் கட்டப்படும் என்பது உட்பட; அன்றைக்குக் கட்டியது யார் என்பது மட்டும் அந்தக் கேள்விகளில் வரவில்லை. பிறகு அவன் எழுந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை. நீதிபதியைப் பார்த்தே பேசினான்.

"அன்றைக்கு அந்தப் பாதுகாப்புக் கம்பியைக் கட்டியது யார் என்று வாதி சொல்லட்டும்."

வாதி. அவளுக்கு முதலில் யாரைச் சொல்கிறான் என்றே விளங்கவில்லை.

"நான்தான்" என்றாள்.

"வாதி இதை என்னிடம் அவருடைய வீட்டில் வைத்து, தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். தன் கையால் பாதுகாப்பை முடக்கிவிட்டு, முதலாளிமேல் பழி போடுகிற வழக்கு இது. எப்போது போட்டிருந்தாலும் தோற்றிருக்கும். கெடுவுக்குள் போட்டிருந்தாலும் பலன் ஒன்றுதான்."

கேஸ் கல்லு மாதிரி இருக்கிறது என்று சொன்ன அதே வாய். டீ குடித்த அதே வாய். நிம்மதியாகத் தூங்குங்க என்று அவளைத் தூங்கவைத்துவிட்டு, அவள் நம்பிச் சொன்ன ஒரே ஒரு சொல்லைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்து, இப்போது அவள்மேலேயே எறிகிறது. உருளை இழுத்தபோது கூட இப்படி வலித்திருக்குமா தெரியவில்லை. உருளைக்கு அவளைத் தெரியாது, இவனுக்குத் தெரியும்.

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெயின்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

வக்கீல் தம்பி தன் சாட்சியாக ஆலை முதலாளியையே அழைத்திருந்தான். முதலாளி கசங்காத சட்டையோடு வந்தார், விருந்துக்கு வந்தவர் போல எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்தார். கம்பியைக் கட்டச் சொல்லி நீங்கள் உத்தரவு போட்டதுண்டா என்று கேட்டான் வக்கீல் தம்பி. ஒருநாளும் இல்லை என்றார் முதலாளி. வக்கீல் தம்பி திருப்தியாக உட்கார்ந்தான்.

வக்கீலம்மா எழுந்தார். கம்பியைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. ஆலை எப்படி நடக்கிறது, வேலை நிறைய வருகிறதா என்று கேட்டார். முதலாளிக்கு அதில் பெருமை. ஆஸ்பத்திரிகள் வரிசையில் நிற்கின்றன என்றார். இவ்வளவு விரிப்பை ஒரே ரோலரில் எப்படிச் சமாளிக்கிறீர்கள், அது அடிக்கடி நிற்காதா என்று கேட்டார் வக்கீலம்மா.

"எங்க ரோலர் நிக்காதுங்க."

"அந்தக் கம்பி பட்டா நிக்குமே?"

"அதை வச்சுக்கிட்டு எவன் ஓட்டுவான்? ஒரு ஷீட் சுருண்டாலும் நிக்கும். கட்டாம ஓட்டவே முடியாதுங்க. இது லாண்டரி நடத்துற எல்லாருக்கும் தெரியும்."

வக்கீல் தம்பி பாதி எழுந்தான். நீதிபதி அவனை உட்காரச் சொன்னார்.

"இப்பவும் கட்டித்தான் ஓடுதா?"

"பின்ன? இன்னிக்குக் காலையில கூட, கட்டியாச்சான்னு கேட்டுட்டுத்தானே இங்க வந்தேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த அம்மா வேலை பார்த்த காலத்துலயும் கேப்பீங்களா?"

"தினமும் கேப்பேன்."

"இதையெல்லாம் இவ்வளவு வெளிப்படையா சொல்றீங்களே, உங்களுக்குப் பயமா இல்லையா?"

முதலாளி சிரித்தார். நிஜமாகவே அவருக்கு அது சிரிப்பாக இருந்தது. "எனக்கென்னங்க பயம்? இந்தம்மா என்மேல கேஸ் போட முடியாதே. அதான் தேதி போயிடுச்சே." சொல்லிவிட்டு, தனக்கு அந்த உபகாரம் செய்தவனை நன்றியோடு திரும்பிப் பார்த்தார்.

வக்கீல் தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. தான் விட்ட கெடுதான் அந்த ஆளுக்கு இவ்வளவு தைரியம் கொடுத்தது, அந்தத் தைரியம்தான் அவர் வாயைத் திறந்தது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பயம் இருந்திருந்தால் அந்த மனுஷன் செத்தாலும் அதைச் சொல்லியிருக்கமாட்டார்.

வெளியே வராந்தாவில் அவன் அவளை வழிமறித்தான். வியர்த்திருந்தான்.

"அண்ணி, மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு வேற வழியில்ல. தொழில் அது…"

"அண்ணின்னு கூப்பிடாதே" என்றாள் சுடுதண்ணி. "உள்ள வாதின்னு கூப்பிட்டியே, அப்படியே கூப்பிடு. அண்ணின்னு நீ கூப்பிட்டதாலதான் நான் கேள்வி கேக்காம உக்காந்திருந்தேன். வேற எந்த வக்கீலா இருந்தாலும் தினமும் போய்க் கழுத்தைப் பிடிச்சிருப்பேன்."

அவன் பெயின்டரைப் பார்த்தான். பெயின்டர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மனைவியை முந்திக்கொண்டு வாயைத் திறந்தான். "சுவத்துக்குச் சொல்ற மாதிரின்னு சொன்னியேடா. உன் ஆபீஸ் சுவத்துக்கு ரெண்டு கோட் அடிச்சேன். அது கூட இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசல."

தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. வக்கீல் கெடுவை விட்டது கவனக்குறைவு; அவர் நேரத்துக்கு வழக்குத் தொடுத்திருந்தால் வாதி வென்றிருப்பார்; விபத்துக்குப் பெரும்பங்கு பொறுப்பு முதலாளியுடையது. கம்பியைத் தன் கையால் கட்டியதற்காக ஒரு சிறு பங்கு அவள்மேலும் வைத்தார்கள். அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டு, மீதி இழப்பை வக்கீல் ஈடுகட்டவேண்டும் என்றார்கள். பெரும்பங்கு பொறுப்பு முதலாளியுடையது என்ற வரியை வக்கீலம்மாவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அழுதாள். வக்கீலம்மா வழக்கம் போல ஜன்னல் பக்கம் பார்த்தார்.

பெரும்பங்கு பொறுப்புள்ள அந்த முதலாளி ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. அவர் செய்த பாவத்துக்கு வக்கீல் கட்டுகிறான். அவர் கசங்காத சட்டையோடு ஆலைக்குத் திரும்பிப் போய்விட்டார். இதை நினைத்தபோது அழுகை நின்று, பழைய கொதிப்பு மறுபடி தலைக்கேறியது.

"அவர் சொன்னதை எழுதி வச்சிருப்பாங்கல்ல?" என்று கேட்டாள். "இன்னிக்குக் காலையில கூடன்னு சொன்னாரே, அது?"

"சாட்சியத்துல இருக்கு. ஏன்?"

"என் கைக்குத்தான் தேதி போச்சு. அங்க நிக்கிறவங்க கைக்குப் போகலையே."

வக்கீலம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

மறுநாள் காலை தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம் திறக்கும்போதே சுடுதண்ணி வாசலில் நின்றாள். பெயின்டர் வேலைக்குப் போகாமல் கூட வந்திருந்தான். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அதிகாரி இன்னும் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சாட்சியத்தின் நகலையும் புகாரையும் உள்ளே நீட்டினாள். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "வச்சுட்டுப் போங்கம்மா. பெரியவர் வந்ததும் பேசிப் பார்க்கிறோம்" என்றார்.

பேசிப் பார்க்கிறோம் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு விரல் கையை ஜன்னலுக்குள் விட்டு, அவருடைய மேஜைமேல் வைத்தாள். அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க சார்" என்றாள். "இதுக்குக் கெடு என்னிக்கு?"